உன் அப்பா ஸ்கேனுக்குப் போன கதை

சரவணா,

புக்கிட் காத்திலிலிருந்து புக்கிட் பெருவாங்குக்குக் கடிதம் எழுதுகிற ஒரே அம்மா இந்த மலாக்காவில் நானாகத்தான் இருப்பேன். காடியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினால் கையில் இருக்கிற கோப்பி ஆறுவதற்குள் உன் வீட்டு கேட் முன்னால் வந்து நின்றுவிடலாம். ஆனால் வந்து என்ன பிரயோஜனம்? போன் போட்டால் "ம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்புடுறேன்லா" என்கிறாய். நேரில் வந்தால் உன் அப்பாவோடு சேர்ந்துகொண்டு பந்து விளையாட்டைப் பற்றிப் பேசிவிட்டு, நான் வாயைத் திறக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாய். அதனால்தான் இதை எழுதி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, டிபன் கேரியரின் மேல் அடுக்கில் வைத்து அனுப்புகிறேன். கீழ் அடுக்கில் உனக்குப் பிடித்த நெத்திலி சம்பல் இருக்கிறது. கடிதத்தை முழுசாகப் படித்து முடிக்கும்வரை கீழ் அடுக்கைத் திறக்கவிடாதே என்று தேவியிடம் சொல்லியிருக்கிறேன். உன் பெண்டாட்டி என் கட்சி, அது உனக்கே தெரியும்.

தேவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே, அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். "அத்தை, அவரு எம்ஆர்ஐக்குப் போகவே இல்ல. ஆஸ்பத்திரி வரைக்கும் போயி, கார் பார்க்கிங்லயே உக்காந்திருந்துட்டுத் திரும்பி வந்துட்டாரு." எங்களிடம் நீ சொன்னது என்ன? மெஷின் ரிப்பேர், வேறு தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றாய். நானும் நம்பி, பாவம் பிள்ளை வீணாக லீவு போட்டுவிட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். மாதக்கணக்காக உனக்குத் தலைவலி. வலது காதில் ஒரு இரைச்சல். அந்தக் காதில் போனை வைத்தால் சரியாகக் கேட்கவில்லை என்று இடது பக்கம் மாற்றிக்கொள்கிறாய், நான் பார்த்தேன். தலைக்குள் என்ன என்று பார்த்தால்தான் மருந்து சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். நீயோ பார்க்கிங் காசு கட்டிவிட்டுத் திரும்பி வருகிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது, அய்யா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதிக் கடிதத்தில் நான் எவ்வளவு கேலி பேசினாலும் இதை நினைவில் வைத்துக்கொண்டு படி.

அடுத்த வியாழக்கிழமைக்குப் புதுத் தேதி கிடைத்திருக்கிறதாம். அதற்குள் இந்த ஸ்கேன் விவகாரத்தில் உனக்குத் தெரியாததை எல்லாம் நான் சொல்லிவிடுகிறேன். நீ போனில் எதையெதையோ படித்துப் பயந்து வைத்திருப்பாய். இந்த வீட்டில் ஸ்கேனைப் பற்றி வாய் திறந்து பேசும் தகுதி எனக்குத்தான் இருக்கிறது, ஏனென்றால் உன் அப்பாவை எல்லா ஸ்கேனுக்கும் கூட்டிக்கொண்டு போனவள் நான். நீ அப்போது பினாங்கில் படித்துக்கொண்டிருந்தாய். "ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை" என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னோம். நடுவில் நடந்த கூத்தைச் சொல்லக்கூடாது என்று உன் அப்பா என் வாயைக் கட்டிப்போட்டிருந்தார். இன்றைக்கு அந்தக் கட்டை அவிழ்க்கிறேன். சம்பல் ஆறினாலும் பரவாயில்லை, படி.

முதலில் வயிற்று ஸ்கேன். பொரித்த கோழி சாப்பிட்டால் போதும், உன் அப்பாவுக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். பித்தப்பையில் கல் இருக்கலாம், பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது, வெறும் வயிற்றோடு காலையில் வரவேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார்கள். உன் அப்பாவும் ஒழுங்காகத்தான் இருந்தார், கோப்பிகூடக் குடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஸ்கேனுக்குப் போவதற்கு முன்னால் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை பண்ணிவிட்டுப் போகலாம் என்றார். உன் சித்தப்பாவும் வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கோயிலில் அன்றைக்கு யாரோ உபயம், சர்க்கரைப் பொங்கல். நெய் கையில் வழிகிறது, முந்திரி எண்ண முடியவில்லை. ஐயர் வாழையிலையில் வைத்து நீட்டினார். உன் அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்தவர் இன்னும் கொஞ்சம் வைத்தார், அதையும் சாப்பிட்டார். நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். நானும் கைநீட்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிரசாதத்தைச் சாப்பாடு என்று யாராவது நினைப்பார்களா?

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற மலாய்ப் பெண் தங்கமானவள். "அங்கிள், சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். "தாடா", இல்லை என்றார் உன் அப்பா, நெற்றி நிறையத் திருநீற்றோடு. பொய் சொல்கிறோம் என்கிற நினைப்பே அவருக்குக் கிடையாது. அவள் வயிற்றில் ஜில்லென்று ஒரு பசை தடவி, மவுஸ் மாதிரி ஒரு கருவியால் அழுத்தி உருட்டினாள். மூச்சை இழு, பிடி, விடு. திரும்பிப் படு. மறுபடியும் இழு, பிடி. அது மட்டும்தான் அந்த ஸ்கேன், வலியே கிடையாது. ஆனால் அவள் தேடிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரையை விலக்கி என்னை உள்ளே கூப்பிட்டு, அங்கிள் உண்மையிலேயே சாப்பிடவில்லையா என்று கேட்டாள். நானும் வெகு நம்பிக்கையாக, "சாப்பாடு ஒண்ணும் இல்லம்மா, கோயில்ல சாமி பிரசாதம் மட்டும்தான்" என்று மலாயில் சொன்னேன். அது என்ன என்று கேட்டாள். அரிசி, வெல்லம், நெய், முந்திரி என்று செய்முறையோடு சொன்னேன். அந்தப் பிள்ளை திரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வெறும் வயிற்றில்தான் பித்தப்பை நிறைந்து தெரியுமாம், நெய்யைக் கண்டால் சுருங்கிப் போய்விடுமாம். துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுத்து, வேறு தேதி கொடுத்து, அடுத்த தடவை ஸ்கேன் முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினாள். வேனில் வரும்போது உன் அப்பா, "சாமி சாப்பாட்டையும் கணக்குல சேத்துக்குவாங்கன்னு எனக்கு எப்படிலா தெரியும்" என்று முனகிக்கொண்டே வந்தார். இரண்டாம் தடவை ஒழுங்காக எடுத்தோம், சின்னக் கல் ஒன்று இருந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் முதுகோடு சேர்த்து இழுத்துப் பிடித்து வலித்தது. கல் கிளம்பிப் போய் எங்காவது அடைத்துக்கொண்டதா என்று பார்க்க சிடி ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அந்த மெஷினைப் பார்த்தால் நடுவில் ஓட்டை போட்ட பெரிய உளுந்து வடை மாதிரி இருக்கும். படுக்கவைத்து அதற்குள் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள், தேநீர் கலக்குகிற நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது, கடல் சாப்பாடாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா என்றும் கேட்டார்கள். படத்தில் உள்ளே இருப்பது எடுப்பாகத் தெரிவதற்காகக் கையில் ஊசி வழியாக ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடாகும், ஒன்றுக்குப் போய்விட்டது போலத் தோன்றும், ஆனால் போயிருக்காது, பயப்படாதீர்கள் என்று ஸ்கேன் எடுக்கிற தம்பி பொறுமையாகச் சொன்னான். உன் அப்பா "போலே, போலே", சரி சரி என்று தலையை ஆட்டினார். அவர் ஆட்டுகிற ஆட்டிலேயே எனக்குத் தெரியும், ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை.

ஸ்கேன் முடிந்து கதவு திறந்தது. உன் அப்பா கால்களை அகட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரித் துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து வருகிறார். என்னங்க ஆச்சு என்று கேட்டால், "சத்தம் போடாத. என் பின்னாடியே ஒட்டி நடந்து வா, யாரும் பாக்கக்கூடாது" என்கிறார். நான் பின்னால் பார்த்தேன், கால்சட்டை காய்ந்துதான் இருந்தது. சொன்னேன், நம்பவில்லை. கழிவறைக்குள் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "ஏர்கோன்ல காஞ்சிருச்சு போல" என்றார். இன்றைக்கும் அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். உனக்கும் அந்த மாதிரி மருந்து ஏற்றினால் அவர்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள், குறைந்தபட்சம் அந்த இடது காதிலாவது வாங்கிக்கொள்.

அன்றைக்கு இன்னொரு முட்டாள்தனமும் நடந்தது. அதைச் செய்தவள் நான். ஸ்கேன் எடுத்த தம்பி கடைசியில் வெளியே வந்து, முடிந்தது, போகலாம் என்று சொன்னபோது அவன் முகம் சரியாக இல்லை. ஆரம்பத்தில் சிரித்துச் சிரித்துப் பேசியவன், இப்போது தரையைப் பார்த்துப் பேசினான். ரிசல்ட் எப்படி என்று கேட்டேன், டாக்டர் சொல்வார் என்றான். அவ்வளவுதான், நான் முடிவே கட்டிவிட்டேன். கேன்டீனில் உட்கார்ந்து உன் சித்தப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் யாருக்கெல்லாமோ போன் போட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் நம் தாமான் வீடுகளில் இருக்கிற சொந்தமெல்லாம் ஆப்பிளும் பிஸ்கட் டின்னுமாக வாசலில் நின்றது. உன் அப்பா தனக்கு என்ன என்றே தெரியாமல் எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம் டாக்டரைப் பார்த்தபோது, கல் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார். வெளியே வரும்போது அந்தத் தம்பியைப் பார்த்து மனசு கேட்காமல் அன்றைக்கு ஏன் அப்படி இருந்தாய் என்று கேட்டேவிட்டேன். அவனுக்குக் கடைவாய்ப் பல் வலியாம்.

அதனால் சொல்கிறேன், ஸ்கேன் எடுக்கிறவர்கள் முகத்தில் ரிசல்ட் தேடாதே. படத்தை எடுப்பதுதான் அவர்கள் வேலை. அதைப் படித்துச் சொல்வதற்கு வேறு டாக்டர் இருக்கிறார், அவர் எழுதிக்கொடுத்த பிறகு உன் டாக்டர் சொல்வார். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆயர் குரோ ஃபேக்டரியில் எனக்கும் அந்த மாதிரி வேலைதானே இருந்தது. சின்னச் சின்னச் சாமானை உடைக்காமல் உள்ளே எக்ஸ்ரே போட்டுப் பார்ப்போம். சந்தேகமாக இருப்பதைத் தனியாக எடுத்து வைப்போம், கெட்டது நல்லது என்று சொல்ல இஞ்சினியர் வருவார். நான் எடுத்து வைத்ததில் பாதிக்குமேல் நல்ல சாமானாகத்தான் இருக்கும். பார்க்காமல் பெட்டியில் போட்டு அனுப்பிய சாமான்தான் கடைசியில் திரும்பி வந்து எல்லாரையும் ஏச்சு வாங்க வைக்கும்.

இனி எம்ஆர்ஐ. நீ பயந்து ஓடி வந்தது இதற்குத்தான், உன் அப்பாவும் இதற்குத்தான் ஓடி வந்தார். ஆமாம், உனக்கு முன்னால் அவர் ஓடி வந்திருக்கிறார். லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு தேய்ந்துபோய், ஒரு கால் மரத்து, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாத நிலைமை. முதுகுக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். அது பெரிய காந்தமாம், உடம்பில் எந்த உலோகமும் இருக்கக்கூடாது. மோதிரம், வாட்ச், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்தார். முதுகுப் பக்கம் திறந்திருக்கிற அந்த நீலச் சட்டையையும் போட்டுக்கொண்டார். நர்ஸ் கடைசியாக இடுப்பைப் பார்த்தாள். அங்கே வெள்ளி அரைஞாண், அதில் கோயில் தாயத்து. கல்யாணத்தில் என் அப்பா மாப்பிள்ளைக்குப் போட்டது, அன்றிலிருந்து இடுப்பை விட்டு இறங்கியது கிடையாது. இதையும் கழற்றவேண்டும் என்றாள். உன் அப்பா இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அரணாக்கொடிய உயிரோட இருக்கிறவன்கிட்டருந்து எடுக்க மாட்டாங்க," என்றார். "செத்தாத்தான் அறுப்பாங்க. இப்பவே என்னைச் சவம் ஆக்கப் பாக்குறியா?" இதைத் தமிழில் அந்தச் சீன நர்ஸிடம் சொல்கிறார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆங்கிலமும் மலாயும் கலந்து விளக்கினேன். அவளுக்குப் புரிந்தது என்னவென்றால், அந்தக் கொடியைக் கழற்றினால் இந்த ஆளின் உயிர் போய்விடும் என்பது மட்டும்தான். கொஞ்சம் மிரண்டுபோய் உள்ளே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் வந்தார், பேசினார். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்ப் பாட்டியும் எழுந்து வந்து பேசினார். உன் அப்பா மசியவில்லை. நீலச் சட்டையோடு, பின்னால் திறந்திருப்பதுகூட மறந்துபோய், விறுவிறுவென்று நடந்து கார் பார்க்கிங்குக்கு வந்துவிட்டார். நான் அவர் துணிமணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நல்லவேளை, தெரிந்தவர்கள் யாரும் எதிரில் வரவில்லை. கார் பார்க்கிங்கில் உட்காருவது உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கால் போனால் பரவாயில்லை, கொடி போகக்கூடாதா என்று கத்தினேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் சாமி அறையில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் தூக்கிவிட்டேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அது பிடிவாதம் இல்லை, பயம். மெஷினில் படுப்பதற்கும் பயம், அதில் என்ன வரும் என்பதற்கும் பயம். கொடி ஒரு சாக்குதான். அதற்குப் பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். பழைய கயிறு நைந்துபோனால் என்ன செய்வோம்? புதுசைக் கட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தானே பழசை எடுப்போம்? இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்காது. பாசாரில் பூக்கடைக்காரரிடம் கறுப்பு நூல் கயிறு வாங்கினேன். மணி வேண்டாம், தாயத்து வேண்டாம், தகடு வேண்டாம், வெறும் நூல் என்று கேட்டு வாங்கினேன்.

மறுபடி தேதி வாங்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் துணி மாற்றுகிற அந்தச் சின்ன அறைக்குள், நான் முட்டிபோட்டு உட்கார்ந்து கறுப்புக் கயிற்றைக் கட்ட, உன் அப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முடிச்சுப் போட்ட பிறகுதான் வெள்ளியைக் கழற்றவிட்டார். கழற்றிய கையோடு இடுப்பைத் தொட்டுப் பார்த்தார், நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "உயிரு இருக்குங்க," என்றேன். "சும்மா இருலா," என்றார். வெளியே அதே சீன நர்ஸ் நின்றாள். கறுப்பு நூலைப் பார்த்து, இதில் உலோகம் எதுவும் இல்லையே என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அங்கிள் குட், என்றாள்.

உள்ளே என்ன நடக்கும் என்று அவர் சொன்னதைக் கேள். குழாய் மாதிரி நீளமாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் திறந்திருக்கும், உள்ளே வெளிச்சமும் காற்றும் உண்டு. காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், அதை அமுக்கினால் உடனே நிறுத்திவிட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். உன் அப்பா உள்ளே போன கையோடு அமுக்கினார். என்ன அங்கிள் என்று ஓடிவந்தால், முடிந்துவிட்டதா என்று கேட்டாராம். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. சத்தம்தான் கொஞ்சம் அதிகம். ரோடு போடுகிறவன் பக்கத்தில் நின்று தட்டுவது போல ஒரு சத்தம், அது நின்று வேறு மாதிரி ஒரு சத்தம், நடுநடுவே அமைதி. உன் அப்பாவுக்கு அது பழைய லாரியின் கியர் பாக்ஸ் மாதிரியே கேட்டதாம். பழகின சத்தம் என்பதால் தூங்கிவிட்டார். தூங்கினால் குறட்டை விடாமல் இருப்பாரா? குறட்டையில் உடம்பு ஆடி, படம் கலங்கி, மறுபடியும் கொஞ்சம் எடுக்கவேண்டியதாகிவிட்டது. வெளியே நான் பயந்து உருகிக்கொண்டிருக்கிறேன், அவர் உள்ளே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அமுக்குகிறது என்று தெரிந்தது. பயிற்சி கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். இப்போது உன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாசார் மாலாம் இரவுக் கடைகளில் சுற்றுகிறாரே, அது அந்தப் படத்தால்தான்.

உனக்குத் தலைக்கு எடுப்பார்கள் என்பதால் முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்றை வைப்பார்களாம். அதில் சின்னக் கண்ணாடி இருக்கும், அதன் வழியாக வெளியே பார்க்கலாம். உனக்கு அடைந்த இடம் ஆகாது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது அலமாரிக்குள் மாட்டிக்கொண்டு நீ அழுத அழுகை எனக்கு மறக்குமா? அதை வெட்கப்படாமல் அவர்களிடம் சொல். பயம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னால் மெதுவாகச் செய்வார்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு மயக்கம் தெளிய மாத்திரைகூடக் கொடுப்பார்கள், தப்பாக எழுதிவிட்டேன், பயம் தெளிய. அப்படி மாத்திரை போட்டால் நீ வண்டி ஓட்டக்கூடாது. உள்ளே போவதற்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொள், வெளியே வரும்வரை திறக்காதே. போன், காடிச் சாவி, பேங்க் கார்டு எதுவும் உள்ளே வேண்டாம். அந்தத் தங்கச் சங்கிலியையும் தேவியிடம் கொடு. முருகன் டாலர் இல்லாவிட்டாலும் முருகன் வருவார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை உன் அப்பாவுக்கும் சொல்லவில்லை. போன வருஷம் நான் மார்புக்கு ஸ்கேன் எடுத்தேன். வயதாகிவிட்டது, ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். பாசாருக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அமுக்குவார்கள், சப்பாத்தி இடுகிற மாதிரிதான். கொஞ்சம் வலிக்கும், உடனே விட்டுவிடுவார்கள். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் அதற்கப்புறம், இன்னும் ஒரு படம் எடுக்கவேண்டும், கொஞ்சம் உட்காருங்கள் என்று படம் எடுத்த பெண் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருந்தேனே, அதுதான் கஷ்டம். பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் யாராவது ஒருவர் இருந்தார்கள். படம் சரியாக விழாததால்தான் மறுபடி எடுத்தார்களாம், ரிசல்ட்டும் நன்றாகத்தான் வந்தது. வீட்டுக்கு வரும்போது பாசாரில் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தேன், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று. மெஷின் என்னைப் பயமுறுத்தவில்லை, அய்யா. தனியாக இருந்ததுதான் பயமுறுத்தியது. நீ அன்றைக்குக் கார் பார்க்கிங்கில் தனியாக உட்கார்ந்திருந்தாய் என்று தேவி சொன்னபோது எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது.

அதனால் நேற்று உன் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ரொம்பப் பயப்படுகிறவர்களுக்கு வீட்டு ஆள் ஒருவர் எம்ஆர்ஐ அறைக்குள் கூடவே நிற்கலாமாம். அவரையும் எல்லாம் விசாரிப்பார்கள், உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது, காதை அடைத்துக்கொண்டு கால்மாட்டில் நிற்கவேண்டும், காலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். தேவி நிற்கமுடியாது, அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது. நான் நிற்கிறேன் என்று முடிவு பண்ணி, தாலிக்குப் பதிலாக வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் போனில் பேசியது அவர் காதில் விழவே இல்லை என்றுதான் நினைத்தேன்.

இன்றைக்குக் காலையில் அவர் குளித்துவிட்டு வரும்போது பார்த்தேன். இடுப்பில் வெள்ளி இல்லை, கறுப்பு நூல் கயிறு இருந்தது. தானே பாசாருக்குப் போய் வாங்கி, தானே கட்டிக்கொண்டு, வெள்ளிக் கொடியைச் சாமி அறையில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். என்னங்க இது என்று கேட்டேன். "பையன் உள்ள இருக்கும்போது காலப் புடிச்சுக்கிட்டு நிக்க ஒரு ஆளு வேணும்லா. எனக்கு அந்தச் சத்தம் பழக்கம்," என்றார். அப்புறம் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லிடாத. அப்பா பயப்படுறாருன்னு நெனச்சுக்குவான்," என்றார்.

சொல்லவேண்டாம் என்றதால்தான் எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை காலையில் அவர் உன் வீட்டு கேட் முன்னால் வந்து நிற்பார், நான் பசியாற எடுத்துக்கொண்டு வருவேன். தலைக்கு எடுப்பதால் சாப்பிடலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள், இந்தத் தடவை பிரசாதத்தையும் சேர்த்துக் கேள். உள்ளே போய்ப் படுத்தபிறகு உன் காலைப் பிடித்திருக்கும் கை நடுங்கினால், கண்ணாடியில் அவரைப் பார்க்காதே, தெரியாதது மாதிரியே இரு. நீ வெளியே வந்த பிறகுதான் வெள்ளியைத் திரும்பக் கட்டிக்கொள்வாராம், அதுவரை அது சாமி அறையிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இனி சம்பலைத் திற.

உன் அம்மா